காற்றும் சன்னமும்

ஆங்கில மொழியிலே 'வேர்மின்' என்றொரு சொல் உண்டு. பயிருக்கும் தானியத்துக்கும் கேடு விளைக்கும் எலி முதலிய சிறு பிராணிகளையும் பூச்சி புழுக்களையும் ஒருங்கே சுட்டும் சொல் அது. புழுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நாட்டுப்புறத்தார் நாவிலே 'வார்மின்ற்' எனத் திரிந்து, அமெரிக்கக் குடியானவர் வழக்கில் நன்கு நிலைபெற்றது. 'பீடை' என நாம் வழங்குவதற்கு ஏறக்குறைய நிகரானது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பீடை என்றதும் நம் நினைவுக்கு வருவது மருந்து தெளிக்கும் கருவி. வார்மின்ற் என்றதும் அமெரிக்க நாட்டுப்புறத்தான் நினைவுக்கு வருவது துவக்கு.

வார்மின்ற் வேட்டை அந்நாட்டிலே ஒரு தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. அதற்கெனத் தனித் துவக்குகளும் தனித் தோட்டாக்களும் உள்ளன. நூல்களும் சஞ்சிகைகளும் உள்ளன. மான் வேட்டைக்குச் செல்பவன் இறைச்சியோடு வீடு திரும்ப விரும்புகிறான். வார்மின்ற் வேட்டைக்காரனுக்கோ இறைச்சி வேண்டியதில்லை. தோலும் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஒரு சாண் உயரமுள்ள பிராணியை முந்நூறு, நானூறு, ஐந்நூறு யார் தூரத்திலிருந்து தவறாது அடிக்க வேண்டும் என்பதே அவன் நாட்டம். அந்நாட்டத்துக்குக் குறுக்கே நிற்பது காற்று.

நான் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். துவக்கைத் தோளில் வைத்துச் சுட்டறியாதவன். 2018ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவரின் விருந்தினனாகத் தென் டக்கோட்டா மாநிலத்திலே சில வாரங்கள் தங்க நேர்ந்தது. அங்கே கண்டவற்றையும், பின்னர் படித்தவற்றையும், கடதாசியில் கணக்கிட்டுப் பார்த்தவற்றையும் ஈண்டு எழுதுகிறேன். காற்றைக் கணிக்கும் வித்தையை நான் வியக்கிறேன். அவ்வித்தை எதற்குப் பயன்படுகிறது என்பதிலே எனக்கு ஐயங்கள் உண்டு. இரண்டையும் மறைக்காமற் சொல்வதே முறை.

களமும் இலக்கும்

றொக்கி மலைகளுக்குக் கிழக்கே, கனடா எல்லை தொடங்கித் தெற்கே டெக்சாஸ் வரை பரந்து கிடக்கும் புல்வெளியை நம் பூமிசாத்திர நூல்கள் பிரேரி என வழங்கும். மரம் அருமை, மலை அருமை, காற்று மாத்திரம் அருமை அன்று. தடுப்பதற்கு எதுவும் இல்லாத வெளியிலே அது நாள் முழுதும் நடமாடுகிறது.

இவ்வெளியின் பழங்குடி பிரேரி நாய். பெயர்தான் நாய், உண்மையில் அது அணிற் குடும்பத்தைச் சேர்ந்தது. நாய் குரைப்பது போன்ற ஒலியை எழுப்புவதால் அப்பெயர் வந்தது. ஐந்து இனங்கள் உள. அவற்றுட் பெருவழக்கானது கருவால் பிரேரி நாய். இரண்டு மூன்று இறாத்தல் நிறை. பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து நிற்கும்போது அதன் உடலின் அகலம் மூன்று நான்கு அங்குலமே. நிலத்தைத் தோண்டி வளை அமைத்து, வாயிலிலே மண்மேடு எழுப்பி, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கூடி வாழும். அக்குடியிருப்பை அந்நாட்டார் 'நகரம்' என்றே அழைக்கின்றனர்.

மேற்கு நோக்கிப் பயணஞ் செய்த லூயிஸ், கிளார்க் என்போர் 1804ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி இன்றைய நெபிராஸ்கா மாநிலத்திலே இப்பிராணியைக் கண்டனர். வளைக்குள் நீரை ஊற்றி ஒன்றை உயிரோடு பிடித்தனர். அடுத்த ஆண்டிலே ஒன்றைச் சனாதிபதி ஜெபர்சனுக்கு உயிருடன் அனுப்பியும் வைத்தனர். அன்று அது ஓர் அதிசயம். ஒரு நூற்றாண்டு கழியுமுன் அது பீடையாயிற்று.

நகரத்தின் எல்லையிலே எப்பொழுதும் சில பிராணிகள் மேட்டின்மீது நிமிர்ந்து நின்று காவல் காக்கும். ஆபத்தைக் கண்டதும் குரல் கொடுக்கும். அரிசோனாவைச் சேர்ந்த பேராசிரியர் கொன் சுலொபொட்சிக்கொவ் இக்குரல்களைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்தார். பருந்துக்கு ஒரு குரல், மனிதனுக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல், கொயோட்டி என்னும் ஓநாயினப் பிராணிக்கு ஒரு குரல் என அவை வேறுபடுகின்றன. வருபவன் அணிந்த சட்டையின் நிறத்துக்கு ஏற்பவும் குரல் மாறுகிறது என்பது அவர் கண்ட முடிபு. காவல் காக்க நிமிர்ந்து நிற்கும் அந்த நிலையே வேட்டைக்காரனுக்கு ஏற்ற இலக்காகவும் அமைந்துவிடுகிறது.

காற்றின் கணக்கு

காற்று சன்னத்தை எவ்வாறு விலக்குகிறது? ஆற்று வெள்ளம் தோணியை இழுத்துச் செல்வது போலக் காற்றும் சன்னத்தைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்கிறது என்றே பலரும் எண்ணுவர். கணக்கு அதனை மறுக்கிறது.

அமெரிக்காவில் மிகுதியாகப் பயன்படும் '223 றெமிங்டன்' என்னும் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 55 கிறேன் நிறையுள்ள அதன் சன்னம் செக்கனுக்கு 3,240 அடி வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. 400 யார், அதாவது 1,200 அடி தூரத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 0.48 செக்கன் வேண்டும். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று செக்கனுக்கு 14.7 அடி செல்லும். சன்னம் தோணி போலக் காற்றோடு சென்றால், 0.48 செக்கனில் ஏழு அடி விலகியிருக்க வேண்டும். உண்மையிலே விலகுவது ஒன்றரை அடிக்குச் சற்று மேல். ஏறத்தாழ 19 அங்குலம்.

ஏன் இவ்வாறு? சுழன்று செல்லும் சன்னம் தன் மூக்கைத் தன்னை எதிர்த்து வரும் காற்றின் திசைக்கே திருப்பிக்கொள்கிறது. குறுக்குக்காற்று இருக்கும்போது அத்திசை நேர்முன்னே அமையாது. சிறிது பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆதலால் சன்னத்தைப் பின்னிழுக்கும் காற்றுத்தடையும் நேர்பின்னே இழுப்பதில்லை. சற்றுப் பக்கமாக இழுக்கிறது. விலகலுக்குக் காரணம் இந்தப் பக்க இழுவையே. தடை எவ்வளவோ விலகலும் அவ்வளவு.

இதிலிருந்து பிறக்கும் விதி மிக எளியது. பிரெஞ்சு நாட்டு டிடியோன் என்பவரின் பெயரால் வழங்குவது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் அச்சன்னம் 1,200 அடியை 0.37 செக்கனில் கடந்திருக்கும். காற்றுத்தடையால் 0.48 செக்கன் ஆயிற்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.11 செக்கன். இத்தாமதத்தைக் குறுக்குக்காற்றின் வேகத்தாற் பெருக்கினால் விலகல் கிடைக்கும். 0.11 தர 14.7 என்பது 1.6 அடி. உயர்தர வகுப்பு மாணவர் எவரும் செய்துபார்க்கக்கூடிய கணக்கு இது.

இவ்விதியின்படி அதே சன்னத்தின் விலகலைக் கணித்தால், 100 யாரில் ஏறத்தாழ ஓர் அங்குலம். 200 யாரில் நான்கு. 300 யாரில் பத்து. 400 யாரில் பத்தொன்பது. 500 யாரில் முப்பத்திரண்டு. தூரம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்காகி அதற்கு மேலும் செல்கிறது. தொலைவிலே சன்னம் வேகம் இழந்து தாமதம் மிகுவதே அதற்குக் காரணம்.

வேகமான சன்னம் எப்போதும் குறைவாகவே விலகும் என்பதும் சரியன்று. சிறுவர் பழகும் 22 துவக்கின் தோட்டாக்களில் ஒலியின் வேகத்தை மிஞ்சிப் புறப்படுவன உண்டு. அதற்குச் சற்றுக் கீழே புறப்படுவனவும் உண்டு. நூறு யாரில் அதிகம் விலகுவது வேகமானதே. ஒலியின் வேகத்தை அண்டிய எல்லையிலே காற்றுத்தடை பெரிதும் உயர்வதால் அதன் தாமதம் மிகுந்துவிடுகிறது. நீண்டு கூர்மையான, நிறை மிகுந்த சன்னம் மெதுவாகப் புறப்பட்டாலும் தடையை வென்று செல்வதால், நெடுந்தூரத்தில் இலேசான சன்னத்திலும் குறைவாக விலகக்கூடும்.

வார்மின்ற் துவக்குகளின் வரலாறே இத்தாமதத்தோடு நடந்த போராட்டம் எனலாம். 1935இல் வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட '220 சுவிஃப்ட்' தோட்டா, செக்கனுக்கு 4,110 அடி வேகம் உடையதென விளம்பரமாயிற்று. 1950இல் '222 றெமிங்டன்' வந்தது. 1965இல் '22-250' நிறுவனத் தயாரிப்பாயிற்று. 2004இல் '204 றூகர்' வந்தது. ஒவ்வொன்றும் விலகலைச் சிறிது குறைத்தது. எதுவும் அதை ஒழித்துவிடவில்லை.

காற்றை வாசித்தல்

கணக்கு இத்துணை எளிதானால் வித்தை எங்கே? காற்றின் வேகம் இன்னதென அறிவதிலேதான். கையிலே பிடிக்கும் காற்றுமானிகள் இன்று உள. ஆனால் அவை சுடுபவன் நிற்கும் இடத்துக் காற்றை மாத்திரமே அளக்கும். இடையிலும் இலக்கின் அருகிலும் வீசும் காற்றைக் கண்ணாலேதான் அறிய வேண்டும்.

அதற்குச் சில பழைய அடையாளங்கள் உண்டு. முகத்தில் உணர முடியாத காற்று, புகையை மாத்திரம் சாய்க்குமாயின் மணிக்கு மூன்று மைலுக்கு உட்பட்டது. முகத்திற் படுவது மூன்று முதல் ஐந்து. இலைகள் ஓயாது அசையுமாயின் ஐந்து முதல் எட்டு. புழுதியும் கடதாசித் துண்டும் எழும்புமாயின் எட்டு முதல் பன்னிரண்டு. சிறு மரங்கள் ஆடுமாயின் பன்னிரண்டு முதல் பதினைந்து. நம் கடற்றொழிலாளர் சோளகத்தையும் கச்சானையும் வாடையையும் கொண்டலையும் முகத்தாலும் பாயாலும் அறிவது போன்றதே இவ்வறிவும்.

வெயில் நாட்களிலே கானல் மற்றொரு வழிகாட்டி. தொலைநோக்கியின் குவிவை இலக்குக்குச் சற்று முன்பாக அமைத்து நோக்கினால், வெப்பக் காற்றின் அலைகள் கண்ணுக்குப் புலனாகும். குறுக்குக்காற்று இல்லையாயின் அவை கொதிக்கும் உலைநீர் போல நேரே மேலெழும். மெல்லிய காற்றிலே சாயும். காற்று வலுத்தால் ஆறு போலக் கிடையாக ஓடும். மணிக்குப் பன்னிரண்டு மைலுக்கு மேற்பட்ட காற்றை இவ்வாறு பிரித்தறிதல் அரிது.

வேகத்தோடு திசையும் வேண்டும். நேரெதிரே வரும் காற்றும் முதுகிற் படும் காற்றும் சன்னத்தைப் பக்கவாட்டில் விலக்குவதில்லை. நேர்குறுக்கே வருவது முழு விலகல் தரும். சுடும் கோட்டிலிருந்து முப்பது பாகை சாய்ந்து வருவது பாதி தரும். முப்பது பாகையின் சைன் பெறுமானம் அரை என்பதை மாணவர் அறிவர். சுடுபவனுக்கு அருகிலுள்ள காற்றே மிகுதியும் கவனிக்கத்தக்கது. தொடக்கத்திற் பெற்ற சாய்வு எஞ்சிய தூரம் முழுவதும் தொடர்ந்து பெருகுகிறதன்றோ? மேலும், வலஞ்சுழியாகச் சுழலும் சன்னம் வலப்புறக் காற்றிலே இடப்பக்கம் விலகுவதோடு சிறிது உயரவும் செய்யும். இடப்புறக் காற்றிலே வலப்பக்கம் விலகிச் சிறிது தாழும்.

இவையனைத்தையும் சில கணங்களுள் உள்ளத்திலே கூட்டிக் கழித்து, இலக்குக்கு அப்பால் வெறுவெளியிலே குறிவைத்து இலக்கை அடிப்பவனின் திறமை எளியதன்று. இதை நான் ஐயமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பண்ணையாளர்

என் மாணவர் தமக்குப் பழக்கமான ஒரு மாட்டுப் பண்ணையாளரிடம் என்னை அழைத்துச் சென்றார். எழுபது வயதை அண்டியவர், பேச்சுக் குறைந்தவர். காலையிலே காற்று மெலிந்திருந்தபோது, மேய்ச்சல் வேலிக்கு அருகே இருநூறு யாருக்கு உட்பட்ட தூரத்தில் நான்கைந்து பிரேரி நாய்களை அவர் சுட்டிருந்தார். பிற்பகலில் எங்களை ஒரு சிறு மேட்டுக்குக் கூட்டிச் சென்று, பாயை விரித்துப் படுத்து, துவக்கை முட்டுக்கால்மீது நிறுத்தினார். தூரமானி 350 யார் காட்டியது. மேட்டின்மீது ஒரு பிரேரி நாய் நிமிர்ந்து நின்றது.

"நாயைப் பார்க்காதீர்கள், புல்லைப் பாருங்கள்" என்றார் அவர்.

பார்த்தேன். எங்கள் அருகிலே புல் கிழக்கு நோக்கிப் படிந்து கிடந்தது. நடுவிலுள்ள பள்ளத்திலே அசைவில்லை. அப்பால், வளைகளின் அருகே, செம்புழுதி ஒரு கணம் எழுந்தது, மறுகணம் அடங்கியது. அவர் ஐந்து நிமிடம் வரை தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னர் தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பையிற் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். ஏன் சுடவில்லை என்று வினவினேன்.

"காற்று பன்னிரண்டு மைலா பதினாறு மைலா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமற் சுடுவது சூதாட்டம். சூதாடுவதானால் பணயம் என்னுடையதாக இருக்க வேண்டும். அதனுடையதாக இருக்கக் கூடாது."

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். அத்தூரத்தில் மணிக்கு நான்கு மைல் வேறுபாடு ஏறத்தாழ ஆறு அங்குல விலகலைத் தரும். பிராணியின் அகலமோ நான்கு அங்குலம். அவர் சொன்னது முற்றிலும் சரி.

திரும்பி வரும் வழியிலே என் மாணவர், "சேர், எல்லாரும் இவரைப் போல இல்லை. கோடையிலே வெளி மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் சுடுவார்கள். குழல் சூடேறிவிடும் என்று இரண்டு மூன்று துவக்குகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள்" என்றார்.

பண்ணையாளரின் வழக்கையும் சொல்லிவிட வேண்டும். மழை பெய்த ஆண்டிலே பிரேரி நாய்களைத் தாம் மறந்துவிடுவதாகவும், வரட்சி ஆண்டிலே ஒவ்வொரு புல்லும் தம் மாட்டின் வாயிலிருந்து பறிக்கப்படுவதாகத் தோன்றுவதாகவும் அவர் கூறினார். அது பொய்ப் புலம்பல் அன்று. கொலராடோவின் குறும்புல் வெளியிலே நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, மேய்ச்சல் நிலத்தில் 20 சதவீதத்தைப் பிரேரி நாய்கள் பிடித்துக்கொண்டால் மாடுகளின் எடைப்பெருக்கம் ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது என்றும், 60 சதவீதத்தைப் பிடித்தால் 14 சதவீதம் குறைகிறது என்றும் கண்டது. இழப்பு உண்டு. ஆனால் பிடிபட்ட நிலத்தின் அளவுக்கு இழப்பு இல்லை.

நாற்பது கோடியின் கதை

பிரேரி நாய் பீடையாகப் பெயரெடுத்ததில் ஓர் எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் 1901ஆம் ஆண்டு மலரிலே சி. ஹார்ட் மெரியம் என்னும் பேரறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். டெக்சாசில் 250 மைல் நீளமும் 100 மைல் அகலமுமாகப் பரந்த ஒரே குடியிருப்பைப் பற்றி அதிற் கூறினார். பரப்பு 25,000 சதுர மைல். நம் இலங்கைத் தீவு முழுவதற்கும் ஏறத்தாழச் சமம். அதிலே நாற்பது கோடி பிரேரி நாய்கள் வாழ்வதாக மதிப்பிட்டார். 256 பிரேரி நாய்கள் ஒரு பசு தின்னும் புல்லைத் தின்னும் என்றும் கணித்தார். ஆகவே அக்குடியிருப்பு 15,62,500 மாடுகளின் உணவை அழிக்கிறது என்பது முடிவாயிற்று.

இக்கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர். 25,000ஐ 640ஆற் பெருக்கி, அதை 25ஆற் பெருக்கினால் சரியாக நாற்பது கோடி வருகிறது. ஆகவே பெருந்தொகையின் அடியில் இருப்பது ஏக்கருக்கு 25 என்ற ஒரேயொரு எடுகோள். ஒரு மதிப்பீட்டை மற்றொரு மதிப்பீட்டால் வகுத்து, ஐந்நூறு மாடு வரை நுணுக்கமாக விடை சொல்லப்பட்டது. விடையின் நுணுக்கம் அதன் அடிப்படையின் பலவீனத்தை மறைத்துவிட்டது. பிற்கால ஆய்வுகள் இழப்பு இதனிலும் மிகக் குறைவானது எனக் காட்டின. ஆனால் அதற்குள் அரசாங்கமே முன்னின்று நஞ்சூட்டிய தானியத்தைப் புல்வெளியெங்கும் தூவியாயிற்று.

1900இல் சான் பிரான்சிஸ்கோத் துறைமுகத்திலே கொள்ளைநோய் காலூன்றியது. அது எலிகளிலிருந்து காட்டுப் பிராணிகளுக்குத் தாவி, பின்னர் பிரேரியை அடைந்தது. இந்நோய் புகுந்த நகரத்திலே பிரேரி நாய்கள் அநேகமாக முழுதும் மாண்டுபோகின்றன. நஞ்சும் நோயும் கலப்பையும் சேர்ந்து, முன்னிருந்த பரப்பிலே மிகச் சிறு பங்கையே இப்பிராணிக்கு விட்டுவைத்தன. துவக்கு ஒன்றே இவ்வினத்தைக் குறைத்தது என்று சொல்வது நேர்மையன்று. ஆயினும், குறைந்துபோன ஓர் இனத்தைக் குறையாத இனமெனக் கருதிச் சுடுவதும் நேர்மையன்று.

இலக்குக்கு அப்பால்

சன்னம் பிரேரி நாயோடு நின்றுவிடுவதில்லை. கருங்கால் பெரெட் என்றொரு பிராணி உண்டு. நீண்டு மெலிந்த உடலும் முகத்திலே கருமுகமூடி போன்ற பட்டையும் உடையது. அதன் உணவு அநேகமாக முழுவதும் பிரேரி நாயே. வாழ்வதும் பிரேரி நாயின் வளையிலேயே. நகரங்கள் அழிந்தபோது இதுவும் அழிந்தது என்றே விஞ்ஞானிகள் எண்ணினர். 1981இல் வயோமிங் மாநிலத்து மீற்றீட்சி என்னும் ஊரருகே ஷெப் என்ற பண்ணை நாய் இறந்த பெரெட் ஒன்றை வாயிற் கவ்வி வந்தது. அதனால் ஒரு சிறு கூட்டம் எஞ்சியிருப்பது தெரியவந்தது. நோய் அதையும் தாக்கவே, 1987ஆம் ஆண்டளவில் எஞ்சிய 18 பிராணிகளும் பிடிக்கப்பட்டுக் கூட்டில் வளர்க்கப்பட்டன. 1991 முதல் அவற்றின் சந்ததி மீண்டும் வெளியில் விடப்பட்டு வருகிறது. தென் டக்கோட்டாவின் கொனாட்டா வடிநிலம் அவ்வாறு விடப்பட்ட இடங்களுள் சிறந்தது. அங்கே பிரேரி நாயைச் சுடுவது தடைசெய்யப்பட்டது. எனினும் 2008இல் கொள்ளைநோய் அங்கும் புகுந்து பெருஞ் சேதம் விளைத்தது.

மற்றொன்று ஈயம். வார்மின்ற் சன்னம் பட்டவுடன் சிதறும்படி செய்யப்பட்டது. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: பிராணி உடனே இறக்கும், வன்னிலத்திற் பட்டுச் சன்னம் தெறித்து வேறெங்கும் போகாது. ஆனால் இறந்த உடல்கள் வெளியிலேயே விடப்படுகின்றன. வயோமிங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான பவுலி, பஸ்கேர்க் ஆகியோர் 2007இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சிதறும் சன்னத்தாற் சுடப்பட்ட உடல்களில் 87 சதவீதத்திலே சன்னத் துணுக்குகள் இருந்தன. ஓர் உடலில் சராசரி 228 மில்லிகிராம் ஈயம் இருந்தது. சிதறாத சன்னத்தாற் சுடப்பட்டவற்றில் துணுக்கு இருந்தவை 7 சதவீதமே. அவ்வுடல்களைத் தின்னும் கழுகுக்கும் பருந்துக்கும் அந்த ஈயம் போய்ச் சேருகிறது. அவர்கள் மற்றொன்றும் கண்டனர். சுடப்பட்ட நகரத்திலே தப்பிய பிராணிகள் மேய்வதைக் குறைத்து எந்நேரமும் அஞ்சி நின்றன. அடுத்த ஆண்டு அவை ஈன்ற குட்டிகளும் வெகுவாகக் குறைந்தன.

என் கருத்து

வேட்டை முழுவதும் பாவம் என்று நான் சொல்லவில்லை. புல்லை நம்பி வாழும் பண்ணையாளன் தன் வேலிக்கு அருகிலே சில பிராணிகளைக் குறைப்பது பயிர்காப்பவனின் தொழிலோடு ஒத்தது. நான் வினவுவது, நெடுந்தூரம் என்பதற்காகவே நெடுந்தூரத்திற் சுடுவதைப் பற்றியே.

இதற்கு எல்லையைக் காற்றின் கணக்கே வகுத்துத் தருகிறது. பழகிய கண்ணும் காற்றின் வேகத்தை மணிக்கு இரண்டு மைல் கூடக்குறையக் கணிப்பது இயல்பு. அவ்விரண்டு மைல், நாம் எடுத்துக்கொண்ட சன்னத்தை 200 யாரில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே விலக்கும்; பிராணியின் நடுவைக் குறிவைத்தவன் பிழைபடான். 300 யாரில் இரண்டு அங்குலம் விலக்கும். அது உடலின் ஓரம். 400 யாரில் நான்கு அங்குலம். அது உடலுக்கு வெளியே. முழுதும் தவறிய சன்னத்தால் தீங்கில்லை. ஓரத்திற் பட்ட சன்னமே கொடியது. காயமுற்ற பிராணி வளைக்குள் ஒளிந்து, சுட்டவன் கண்ணுக்குத் தெரியாமற் சாகிறது. அவன் ஏட்டிலே அது 'தவறியது' என்று பதிவாகிறது. ஆகவே எவ்வளவு தூரம் சன்னம் செல்லும் என்பது கேள்வியன்று. எவ்வளவு தூரம் வரை தன் பிழை பிராணியின் உடலுக்குள் அடங்கும் என்பதே கேள்வி. அப்பண்ணையாளர் இதனை விதியாகப் படித்தவர் அல்லர். ஆனால் தோட்டாவைச் சட்டைப் பையிற் போட்டபோது அவர் செய்தது இக்கணக்கையே.

எல்லைக்கு அப்பால் தன் திறமையைச் சோதிக்க விரும்புபவனுக்கு இரும்புத் தகடும் கடதாசி இலக்கும் உள்ளன. காற்று அவற்றுக்காகத் தன் விதியை மாற்றிக்கொள்வதில்லை. அவை பிழையை அங்குலக் கணக்கில் எழுதியும் காட்டும். புழுதியோ வளையோ அப்படிக் காட்டாது. கற்க விரும்புபவனுக்கு உயிரைவிடத் தகடே நல்ல ஆசிரியன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாமத விதி உயர்தர வகுப்புக்கு நல்லதொரு பயிற்சி, செய்து பாருங்கள். அதன்பின், மெரியத்தின் கணக்கையும் கரும்பலகையில் எழுதுங்கள்: 25,000, 640, 25, 256. இவற்றுள் எவை அளக்கப்பட்டவை, எவை எண்ணிக்கொள்ளப்பட்டவை என்று மாணவரைக் கேளுங்கள். ஒரு பிராணியைப் பீடை என்று தீர்ப்பளிக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. அதை வகுப்பறையிலே கேட்கப் பழகிய பிள்ளை, நாளை வேறோர் இடத்திலே, வேறோர் உயிரைப் பற்றி எவரேனும் பெரிய எண்ணொன்றை எடுத்துவரும்போதும் கேட்கும்.